கிளினிக்கோடு சேர்ந்து வந்த கவுண்டர் அக்கா

கோலாலம்பூர் செந்தூலில் பழைய கிளினிக் ஒன்றை வாங்கும் டாக்டர் கேட்கிறார்: "கவுண்டரில் 11 வருடமாக ஒரு அக்கா. 9 மணிக்கு மூடவேண்டிய இடத்தில் 8.30-க்கே 'டாக்டர் இல்லை' என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார். கல்லாச் சாவி அவர் கைப்பையில். புதுக் கம்பெனி பெயரில் வாங்கினால் பழைய சர்வீஸ் சேராது, அவரைக் கழற்றிவிடலாம் என்கிறார் புரோக்கர். சரியா?"

சரியே இல்லை. புரோக்கர் கமிஷனோடு போய்விடுவார், கேஸ் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கம்பெனியின் பங்குகளையே வாங்கினால் முதலாளி மாறியதாகவே கணக்கில்லை, அதை விடுங்கள். வியாபாரத்தை மட்டும் வாங்கினால், கைமாறிய 7 நாளுக்குள், பழைய சம்பளம் சலுகைக்குக் குறையாமல் வேலை தருகிறேன் என்று அவருக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வேலை போனதாகிவிடும், பணிநீக்கப் பலனுக்கு விற்றவரோடு நீங்களும் பொறுப்பு. 5 வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம், அதாவது இவருக்கு 220 நாள். சம்பளம் 1,900 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 13,700 வரும். வேலையில் தொடர்ந்தாலோ, அந்த 11 வருடமும் உங்கள் கணக்கில் ஏறும்.

கொடுத்தும் அவர் மறுத்தால்? நியாயமில்லாத மறுப்பு என்றால் பலன் கிடையாது. ஆனால் அலவன்ஸில் 100 ரிங்கிட்டை வெட்டினீர்கள், காலை ஷிப்டை இரவுக்கு மாற்றினீர்கள் என்றால் மறுப்பது அவர் நியாயம். "வாயால் சொன்னேனே" என்பதெல்லாம் கேஸ் என்று வந்தால் எடுபடாது. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மாட்டேன் என்றால் இன்னொரு ஊழியரைச் சாட்சியாக வையுங்கள்.

அப்புறம் புரோக்கர்களின் அடுத்த வித்தை: ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து வந்து நீட்டுவது. மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கம்தான். 60 நாளுக்குள் அவர் தொழிலியல் உறவுத் துறையில் புகார் கொடுக்கலாம். அங்கே இருவரையும் உட்காரவைத்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். தீருகிற விஷயமாக இருந்தால் நாம் ஏன் அங்கே போகிறோம்? தீராமல் தொழில் நீதிமன்றம் போய்த் தோற்றால், வேலை போன நாளிலிருந்து கணக்கிடும் பின்சம்பளமே 24 மாதம் வரை போகலாம்.

ஆகவே பழைய டாக்டர் காலத்துத் தப்புகளைக் கிளறாதீர்கள். நீங்கள் வந்த நாளிலிருந்து வேலை நேரத்தை எழுத்தில் கொடுங்கள். மீறினால் விளக்கம் கேட்டுக் கடிதம், பிறகு உள்விசாரணை. விசாரணைக்காக அரைச் சம்பளத்தில் 2 வாரம் வரை ஒதுக்கி வைக்கலாம். தப்பு நிரூபணமாகாவிட்டால் மீதிச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். சாவியை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இரவு கல்லாவை இரண்டு பேர் எண்ணி, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும், அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.