கோவையில் வீட்டு முன்புறம் புல்தரை போட எந்தப் புல் சரியாக வரும்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: வடக்குப் பார்த்த தரைத்தள வீடு. முன்னால் 30 அடி அகலம், 20 அடி ஆழம், ஆக 600 சதுர அடி. ஒரு மூலையில் தென்னை. போர் தண்ணீர். பந்து விளையாடும் இரண்டு பையன்கள், ஒரு நாய். நர்சரியில் மெக்சிகன் போடச் சொல்கிறார்கள். டர்ஃப் கிரவுண்டு நடத்தும் நண்பர் பெர்முடா என்கிறார். பாலக்காட்டு மாமா வீட்டில் அகல இலைப் புல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மூன்றில் எது?

கோவைப் பக்கம் வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் ரகத்தின் பெயரை விட்டுவிட்டு இரண்டு விஷயம் கேட்பேன். தை மாசம் மத்தியானம் அந்த இடத்தில் வெயில் விழுகிறதா? புல்லை யார் வெட்டப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் ரகம் தானாக முடிவாகிவிடும்.

முதலில் பாலக்காட்டு மாமா. அவர் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஆக்சோனோபஸ் என்ற அகல இலைப் புல்லாக இருக்கும். இலை நுனி மழுங்கலாக, தண்டு தட்டையாகத் தரையோடு ஓடும். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றி இருப்பதும் இதேதான். நிழல் தாங்கும், வெட்டாமல் விட்டாலும் ரொம்ப உயராது, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் வேர் மேலாக்கத்தான் ஓடும், அதற்கு ஈரமும் கொஞ்சம் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணும் வேண்டும். வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில் மழை. நமக்கு 700-ஐத் தொட்டால் நல்ல வருஷம். போதாததற்கு நம் மண் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்த மண். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு அடித்து உலர்த்தும். தினமும் தண்ணீர் விட்டால் இங்கேயும் வளரும்தான், ஆனால் அரை வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கும். உப்புத் தண்ணீரும் அதற்கு ஆகாது. உங்களுக்கு இது வேண்டாம்.

அடுத்தது மெக்சிகன். நம் நர்சரிகளில் மெக்சிகன், கொரியன் என்றெல்லாம் சொல்லி விற்பது பெரும்பாலும் சாய்சியா இனத்துப் புல். இந்தப் பெயர்கள் கடைக்குக் கடை மாறும், அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையால் தடவினால் விறைப்பாக லேசாகக் குத்தும், இலை மெல்லிசாக நெருக்கமாக இருக்கும். விரித்த அன்றைக்கே வீட்டுக்கு ஒரு அழகு வந்துவிடும், அதனால்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பெர்முடாவைவிட நிழல் தாங்கும். மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலையும் குறைவு. ஆனால் பந்து விளையாடி ஒரு இடம் தேய்ந்துவிட்டால் அது மூடுவதற்கு மாசக்கணக்கில் ஆகும்.

வெட்டவே வேண்டாம் என்று சொல்லி இதை விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். வெட்டாமல் விட்டால் இது மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். அந்தத் திட்டில் ஒன்றைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குத்தான் பச்சை இருக்கும், அதற்குக் கீழே முழுக்க வைக்கோல் நிறத்தில் காய்ந்த தண்டு. இரண்டு வருஷம் கழித்து யாராவது மெஷினைக் கொண்டுவந்து சமமாக்கப் பார்த்தால் பச்சை முழுவதும் போய் வைக்கோல் மட்டும் நிற்கும். திரும்பத் துளிர்க்கும், ஆனால் அதுவரை வீட்டுக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது, நல்ல கூர்மையான பிளேடால் வெட்டினால் இந்தச் சிக்கலே வராது.

இனி பெர்முடா. இது நம் அருகம்புல் சாதிதான். வயலில் அருகு வந்தால் விவசாயி தலையில் கை வைக்கிறார், நாம் அதன் ஒட்டுரகத்தைச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். கிரவுண்டுகளில் பேசப்படும் டிஃப்வே 419 அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கி 1960-இல் வெளியிட்டது. சாதாரண அருகையும் ஓர் ஆப்பிரிக்க அருகையும் சேர்த்த கலப்பினம். அதில் முளைக்கிற விதை பிடிக்காது. ஆகவே ஆன்லைனில் யாராவது 419 விதை என்று பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள், உள்ளே இருப்பது வேறு ஏதோ. இந்த ரகத்தை, மண்ணோடு வெட்டியெடுத்த பத்தையாகவோ நாற்றுத் துண்டாகவோதான் வாங்க முடியும்.

“ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி” என்று வாழ்த்துவது சும்மா இல்லை. தரைக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டுமே இதற்கு உண்டு. பையன்கள் கோல் போஸ்ட் முன்னால் மண் தெரியத் தேய்த்தாலும், இரண்டு மூன்று வாரம் விளையாட்டை எதிர்ப்பக்கம் மாற்றச் சொன்னால் பக்கத்திலிருந்து ஓடிவந்து மூடிவிடும். நாய் மூத்திரம் போன இடம் வட்டமாகக் கருகும், எந்தப் புல்லிலும் அப்படித்தான். பெர்முடாவில் அந்த வட்டம் சீக்கிரம் ஆறும். உப்பும் தாங்கும். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஈ.சி. அளவு கிட்டத்தட்ட 7 வரை போனாலும் இதன் வளர்ச்சி பெரிதாகக் குறையாது. போர் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஊருக்குள்ளேயே இருக்கிறது.

இதன் பலவீனம் நிழல். ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் மெலிந்து, நீண்டு, அப்புறம் மண் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் இடம் வீட்டுக்கு வடக்கே இருப்பதால் இந்த விஷயத்தை நன்றாக யோசிக்க வேண்டும். இடம் பார்க்க எல்லோரும் சித்திரை, வைகாசியில்தான் கூப்பிடுவார்கள். அப்போது சூரியன் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே சாய்ந்துகூட இருக்கும், வாசல் முழுக்க வெயில் கொளுத்தும். மார்கழியில் அதே சூரியன் தெற்கே இறங்கிவிடும். கோவையில் உச்சி வேளையில்கூட 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கைப்பிடிச் சுவரோடு உங்கள் வீடு 14 அடி என்றால் மத்தியானமே ஏறக்குறைய பத்தடிக்கு நிழல் விழும், காலையும் மாலையும் இன்னும் நீளும். ஆக உங்கள் 20 அடியில் வீட்டை ஒட்டிய பாதி, கார்த்திகையிலிருந்து தை வரை அவ்வளவாக வெயில் பார்க்காது. அந்தப் பாதி இளைக்கும், மாசி பங்குனியில் தேறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் பெர்முடா போடலாம்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருக்கிறதா? எடுத்தால் உயரம் 24 அடி ஆகும், நிழல் 16 அடிக்குப் போய்விடும். அப்படியானால் பெர்முடாவை மறந்துவிட்டு இப்போதே சாய்சியா போடுங்கள், பையன்களை மைதானத்துக்கு அனுப்புங்கள்.

மாடி இல்லை என்றால் என் தேர்வு பெர்முடா. வீட்டுச் சுவரை ஒட்டி நாலைந்து அடிக்குப் புல்லே வேண்டாம், கல் பாவி உட்கார இடமாக்குங்கள். அங்கே புல்லோடு போராடுவது வீண். தென்னையைச் சுற்றியும் மூன்றடி வட்டத்தை விட்டுவிடுங்கள், மட்டை விழுகிற இடத்தில் புல் எதற்கு? மீதியில் பெர்முடா. பூச்செடிப் பாத்தி இருந்தால் இடையில் ஓரச் செங்கல்லை அரையடி ஆழம் புதையுங்கள், மேலோட்டமாக வைத்தால் அடியில் நுழைந்து ரோஜாவுக்குள் போய்விடும்.

யார் வெட்டப் போகிறார்கள் என்று கேட்டேனே, அது இங்கேதான் வருகிறது. மழைக்காலத்தில் பெர்முடாவை வாரம் ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்தால் போதும், கிரவுண்டு மாதிரி ஒட்ட வெட்ட வேண்டியதில்லை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இந்த அளவு இடத்துக்குக் கையால் தள்ளும் உருளை மெஷின் போதும், பெரிய பையனே தள்ளிவிடுவான். மாசத்துக்கு ஒருமுறை வருகிற ஆளை நம்பி மட்டும் பெர்முடா போடாதீர்கள். அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தால், பந்தால் வரும் தேய்மானத்தைச் சகித்துக்கொண்டு சாய்சியாவே போடலாம், தப்பில்லை.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். வெயில் காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1,400 லிட்டர். மொட்டை மாடி ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றரைத் தடவை காலியாகும் அளவு. அதை ஏழாகப் பிரித்துத் தினமும் தெளிக்காமல் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற ஊற விடுங்கள், வேர் கீழே இறங்கும். குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரை இதற்கு விடாதீர்கள், பாவம். யூரியா போட்டால் இந்த இடத்துக்கு ஒரு தடவைக்கு கால் கிலோ, உடனே தண்ணீர்.

பத்தை வாங்கும்போது ஒன்றைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். களிமண்ணில் வளர்த்த பத்தையை நீங்கள் மணல் கலந்த தரையில் விரித்தால் இரண்டும் ஒட்டாது, தண்ணீர் மேலேயே நிற்கும். அப்புறம் கோரை. புல்லுக்கு நடுவே பளபளவென்று ஒரு தண்டு உயர்ந்து நின்றால் பறித்து விரலிடுக்கில் உருட்டுங்கள், மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது கோரைதான், அந்த லோடையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிழங்கோடு உள்ளே வந்துவிட்டால் பிடுங்கப் பிடுங்க வரும். சதுர அடி விலை பேசும்போது செம்மண், எரு, விரிக்கும் கூலி எல்லாம் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசியில் தொகை இரட்டிப்பாகும்.

காசு கம்மியாக முடிக்க வேண்டுமென்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. நாட்டு அருகை இரண்டங்குலத் துண்டாக நறுக்கி, பச்சைச் சாணியும் மண்ணும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சமன்செய்த ஈரத் தரையில் மெல்லிசாகப் பூசி, மேலே கொஞ்சம் மண் தூவிவிடுவது. தினமும் பூவாளியில் தெளித்தால் இரண்டு மூன்று மாசத்தில் மூடிவிடும். 419 அளவுக்கு நெருக்கமாக வராது, கணு தள்ளித் தள்ளி இருக்கும், ஆனால் பந்து விளையாட இது தாராளம்.

போடுவதற்கு ஆவணி நல்லது. காற்று தணிந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதற்கு முன்னால் ஒரு மாசத்தை ஒதுக்கித் தரையைக் கொத்தித் தண்ணீர் விட்டுச் சும்மா போடுங்கள். உங்கள் மண்ணிலேயே இருக்கும் கோரை முளைத்து மேலே வரும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள், இரண்டாம் தடவை முளைப்பதையும் எடுத்த பிறகு பத்தைக்கு ஆர்டர் கொடுத்தால் போதும்.