எட்டு இடத்திலும் மறுப்பு: மதிப்பெண்ணில் குறை இல்லை

மருத்துவ உளவியல் பிஎச்டிக்கு எட்டு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்தும், நல்ல மதிப்பெண் இருந்தும், ஓரிடத்திலிருந்தும் நேர்காணல் அழைப்பு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்தோடு நீங்கள் இணைத்திருந்த நோக்க அறிக்கையைப் படித்தேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதல் இரண்டு பத்தியும் பதினேழு வயதில் நீங்கள் பட்ட மனச்சோர்வைப் பற்றியவை. படிக்கும்போது மனசு கனத்தது. ஆனால் சேர்க்கைக் குழுக்களின் தலைவர்களிடம் கேட்டு 2006இல் வெளியான ஆப்பிள்பி ஆய்வில், விண்ணப்பத்தைக் கெடுப்பவற்றுள் சொந்த மனநலக் கதையும் ஒன்றாக வந்தது. இது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் அந்தப் பத்திகளை எடுத்துவிடுங்கள்.

கடைசிப் பத்தியில் ஒரே வரியில், பதற்றமும் தூக்கமும் பற்றிய ஆய்வுக்காக நாற்பது நேர்காணல்களை எழுத்தாக்கியதாகச் சொல்கிறீர்கள். அதை முதலில் வையுங்கள்! கேட்டுக்கேட்டு எழுதும்போது எந்தப் பதில் உங்களை நிறுத்தியது, அதிலிருந்து என்ன கேள்வி பிறந்தது? பிஎச்டி குழு தேடுவது அந்தக் கேள்வியைத்தான். மருத்துவ உளவியலாளர்களுக்கு எப்படிப் பயிற்சி தர வேண்டும் என்று அமெரிக்காவில் கூடிப் பேசிய 1949 போல்டர் மாநாட்டிலிருந்தே, சிகிச்சையாளர் ஆராய்ச்சியாளராகவும் இருக்க வேண்டும் என்பதே இந்தப் படிப்பின் அடித்தளம்.

அப்புறம், பல இடங்களில் தேர்வு செய்வது துறை மட்டுமல்ல, வழிகாட்டப்போகும் பேராசிரியரும்தான். அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். எடுக்காதவருக்கு விண்ணப்பித்தால் கட்டணம்தான் வீண்.

திருத்திய அறிக்கையை இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்க்கிறேன்.