மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்கு முதன்முறை செல்பவர் மொழி, பழக்கவழக்கம், பாதுகாப்பு பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நானும் என் தங்கையும் ஃபெஸ் நகரில் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். கேள்வியில் மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஊரில் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. யாரிடம், எந்தக் குரலில் 'வேண்டாம்' என்று சொல்வது எனத் தெரிந்துவிட்டால் மூன்றிலும் பெரும்பகுதி கைவந்துவிடும்.

வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது கற்ற அரைகுறை அரபியை நம்பித்தான் நான் போய் இறங்கினேன். முதல் நாளே அது காலைவாரிவிட்டது. அங்கே தெருவில் பேசப்படுவது தாரிஜா என்னும் மொராக்கோ அரபி. உயிரொலிகளைப் பாதி விழுங்கிவிட்டுப் பேசுவார்கள். 'மிகவும்' என்பதற்கு 'ப்ஸாஃப்', 'என்ன விலை' என்பதற்கு 'ப்ஷ்ஹால்'. நம் நாக்கு தானாகவே இடையில் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்றாலும் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு என்ற எண்ணுக்கு நான் வளைகுடாவில் கேட்ட சொல்லை அங்கே தனியாகச் சொல்வதில்லை, 'ஜூஜ்' என்கிறார்கள். எகிப்தியரிடம் 'சரி' என்று பொருள்படும் 'மாஷி', இவர்களிடம் 'அல்ல' என்று பொருள்படும். சரி என்று சொல்ல 'வாக்கா' என்க வேண்டும். அரபி அறவே தெரியாதவருக்கு ஆங்கிலத்தைவிட பிரெஞ்சு அதிகம் உதவும். பலகைகளில் அரபி, பிரெஞ்சு எழுத்துகளோடு வட்டமும் கோடுமாகத் தெரியும் மூன்றாவது எழுத்து, பெர்பர் எனப்படும் பூர்வகுடிகளின் அமாசிக் மொழிக்கு உரியது. 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதுவும் ஆட்சிமொழியாயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமான சொற்றொடர் 'லா, ஷுக்ரன்', அதாவது 'வேண்டாம், நன்றி'. வலது கையை நெஞ்சில் வைத்து, முகம் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்விட வேண்டும். பதில் சொல்லாமல் போவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். நின்று விளக்கம் சொன்னாலோ பேச்சு முடியாது.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பழைய நகரத்தின் அமைப்பு. 1981இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஃபெஸ் எல் பாலி என்னும் அந்தப் பழைய நகருக்குள் கார்கள் நுழைய முடியாது. ஒன்பதாயிரம் சந்துகள் இருப்பதாகச் சொல்வார்கள், சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் வரைபடம் அங்கே அடிக்கடி தடுமாறுகிறது. நீங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்ததும் ஓர் இளைஞர் வந்து, 'இந்த வழி அடைத்திருக்கிறது, நான் காட்டுகிறேன்' என்பார். பெரும்பாலும் வழி திறந்தேதான் இருக்கும். முதல் மாலை எங்களை அப்படி அழைத்துச் சென்ற பையன், பத்து நிமிடம் சுற்றவைத்து, விடுதி வாசலில் நின்று இருநூறு திர்ஹாம் (மொராக்கோ நாணயம்) கேட்டான். இருபது கொடுத்தேன், கத்தினான், விடுதிக்காரர் கதவைத் திறந்ததும் போய்விட்டான். வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு உரிம அட்டை அணிந்தவரை விடுதி மூலம் அமர்த்துங்கள். தனியாகச் சுற்றினால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: தலா கபீரா, தலா ஸ்கீரா என்னும் இரு பெருந்தெருக்களும் பாப் பூ ஜலூத் வாசலிலிருந்து கரவிய்யீன் பள்ளிவாசல் பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன; ஆகவே வழி தவறினால் இவற்றில் ஒன்றைப் பிடித்து மேட்டை நோக்கி ஏறினால் போதும். பின்னாலிருந்து 'பாலக்!' என்ற குரல் கேட்டால் யோசிக்காமல் ஒதுங்குங்கள், சுமையேற்றிய கழுதை வருகிறது என்று பொருள்.

ஷுவாரா என்னுமிடத்தில் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கத் தோல்கடைகளின் மாடிக்குத்தான் ஏற வேண்டும். நாற்றத்துக்கு மூக்கருகே வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்தைத் தருவார்கள் (சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்ந்த நாற்றம் அது). எதுவும் வாங்கப்போவதில்லை என்று ஏறும் முன்பே சொல்லிவிட்டு, இறங்கும்போது பத்து இருபது திர்ஹாம் கொடுப்பது நாகரிகம்.

859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவியதாகக் கூறப்படும் கரவிய்யீனுக்குள் இசுலாமியர் மட்டுமே நுழையலாம். நாட்டின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் இதுதான் விதி. நாங்கள் வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தோம். பாப் பூ ஜலூத் வாசலருகே உள்ள பூ இனானியா மதரசாவுக்குள் எல்லோரும் போகலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். ஆட்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். காவலரைப் படமெடுக்கவே வேண்டாம். வெள்ளி பிற்பகலில் பாதிக் கடைகள் அடைத்திருக்கும், அன்று வீடுகளில் கூஸ்கூஸ் என்னும் கோதுமை ரவை உணவு. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்தால் வலது கையால் உங்கள் பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள். சைவர்கள் 'ப்லா ல்ஹம்', இறைச்சி இல்லாமல், என்று கேட்கலாம். காலையில் கிடைக்கும் பிஸாரா என்னும் காய்ந்த அவரைக் கூழும், நம் வீச்சுப் பரோட்டாவின் உறவுபோலிருக்கும் ம்ஸம்மனும் எங்களைக் காப்பாற்றின.

பெண்களைப் பின்தொடர்ந்து பேசுவது உண்டு. என் தங்கை ஒருவனைப் பார்த்து 'ஹ்ஷூமா' (வெட்கக்கேடு) என்று உரக்கச் சொன்னாள். அருகே ரொட்டி விற்ற மூதாட்டி அவனைப் பிடித்துக்கொண்டு திட்டிய திட்டில் அவன் தலை குனிந்து போனான். இரவு கடையடைத்தபின் ஆளற்ற சந்துகளைத் தவிருங்கள். காதருகே ஹஷீஷ் (கஞ்சாப் பிசின்) வேண்டுமா என்பவருக்கு நின்று பதில் சொல்லாதீர்கள். அதை வைத்திருந்தால் சிறை. காவல்துறைக்கு 19, ஆம்புலன்சுக்கு 15. சிவப்பு நிறச் சிறிய டாக்சியில் ஏறியதும் மீட்டரைப் போடச் சொல்லுங்கள்; இரவில் ஒன்றரை மடங்கு என்பது ஏமாற்று அல்ல, விதி.

பணத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. வயதானவர்கள் இன்னும் ரியால் என்னும் பழைய கணக்கில் விலை சொல்வார்கள்; இருபது ரியால் ஒரு திர்ஹாம். கடைசி நாள் புதினாக்கட்டு வாங்கியபோது முதியவர் 'அஷ்ரீன்' என்றார். இருபது என்று புரிந்துகொண்ட பெருமையில் இருபது திர்ஹாம் தாளை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையை விரித்துப் பத்தொன்பது திர்ஹாமைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.