சர்வீஸ் சென்டரும் சாலையோர உதவியும் இருக்கும்போது ஆயில் பார்க்கவும் டயர் மாற்றவும் நான் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் கம்பெனியே பார்க்கிறது, சாலையோர உதவிக்கும் பணம் கட்டியாயிற்று, இதற்கு மேல் நானே பானட்டைத் திறந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேலையும் வீடுமாக நாள் ஓடிவிடும். காரைக் கழுவக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும். தெரியும். பத்து வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணிதமும் அறிவியலும் சொல்லித்தர 2009-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன். இப்போது ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய மிட்ராண்டில் குடியிருக்கிறோம். இந்த நாட்டில் பெட்ரோல் பங்குக்குப் போனால் நாம் காரை விட்டு இறங்கவே வேண்டாம். பணியாளர் பெட்ரோல் போடுவார், கண்ணாடியைத் துடைப்பார், "ஆயில் தண்ணி பார்க்கட்டுமா?" என்று கேட்பார், டயருக்குக் காற்றும் அடித்துவிடுவார். நாம் கையில் ஐந்தோ பத்தோ ரேண்ட் கொடுப்போம். சுகமான ஏற்பாடு. ஆனால் இந்தச் சுகத்தில்தான் என் காரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் போனது.

ஒரு முறை பங்கில் ஆயில் குறைவாக இருக்கிறது என்று ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துக் காட்டினார்கள். நுனியில் மட்டும்தான் ஆயில். அரை லிட்டர் வாங்கி ஊற்றச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வேறொரு பங்கில் அதே பேச்சு, இன்னொரு அரை லிட்டர். அடுத்த சர்வீஸில் மெக்கானிக் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை உயரத்தில் ஆயில் நின்றது. அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். இல்லையாம். மட்டம் ரொம்ப ஏறினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு ஆயிலை மோர் கடைவது போலக் கடைந்துவிடும். நுரைத்த ஆயில் உராய்வைத் தாங்காது. சீல் வழியாகப் பிதுங்கிக் கசியவும் செய்யும்.

பங்கில் வேலை செய்பவர்களை எல்லாம் நான் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் கருத்தில் வந்து எழுத வேண்டாம். வெயிலிலும் மழையிலும் நின்று வேலை செய்யும் நல்ல மனிதர்களே அதிகம். ஓடிவந்த காரை நிறுத்திய உடனே பார்த்தால் ஆயில் முழுக்கக் கீழே இறங்கியிருக்காது, குச்சி குறைவாகத்தான் காட்டும். அது தெரியாமலே சொல்லியிருக்கலாம். குச்சியைக் கடைசி வரை தள்ளாமல் எடுத்துக் காட்டி ஆயில் விற்கும் ஏமாற்றும் உண்டு. என் விஷயத்தில் நடந்தது எது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை, ஏனென்றால் எனக்குப் பார்க்கத் தெரியாது.

இவ்வளவுதான் வேலை: சமதளத்தில் காரை நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். குச்சியை உருவித் துடைத்து, முட்டும் வரை உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். பெரும்பாலான கார்களில் அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம், அதனால் குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். எந்த கிரேடு என்பது கையேட்டில் இருக்கும், 5டபிள்யூ-30 என்பது போல. ஆயில் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது அழுக்கைச் சுமக்கிறது. பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கலந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டும் வரை ஓட்டாதீர்கள். புது மாடல்கள் சிலவற்றில் குச்சியே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், ஆயில் விளக்கு எரிந்ததைப் பார்த்து "சாயங்காலம் ஊற்றிக்கொள்ளலாம்" என்று வீடு வரை ஓட்டிவந்தார். என்ஜின் இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது. வேறு என்ஜின்தான் மாற்ற வேண்டியிருந்தது. அந்த விளக்கு ஆயில் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்வதற்காக வைத்தது அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதைச் சொல்வது. எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணைத்துவிட வேண்டும்.

டயர் கதைக்கு வருகிறேன். 2019 தைப்பூசம். ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்குக் கடற்கரை நகரமான டர்பனில் காவடி பார்க்க ஆசை. கணவருக்கு விடுப்பு இல்லை. சனிக்கிழமை காலை அத்தையையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் கிளம்பினேன். கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். வியாழக்கிழமை பங்கில் காற்றடித்த பையன் "பின்பக்க இடது டயரில் மட்டும் கம்மியா இருந்தது மேடம்" என்று சொல்லியிருந்தான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நான்கில் ஒன்று மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆணி ஏறியிருந்தது.

வழியிலுள்ள வார்டன் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். காரின் பின்பக்கம் அலைய ஆரம்பித்தது, பிறகு டபடபவென்று சத்தம். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கினேன். அது ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். காற்றில்லாமல் ஓடியதில் டயரின் பக்கச் சுவர் நாராகக் கிழிந்திருந்தது.

"யம்மா, காருக்குள்ளயே இருப்போமே, வெயில் என்னமா அடிக்கி" என்றார் அத்தை.

"உள்ள இருக்கக் கூடாது அத்தை. லாரி வந்து இடிச்சா ஒண்ணும் மிஞ்சாது, இறங்குங்க."

சாலைப் பக்கமாக இல்லாமல் இடது பக்கமாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் உட்கார வைத்தேன். எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு அறுபது தப்படி பின்னால் நடந்தேன். இங்கே சட்டப்படி 45 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சாலையோர உதவிக்குப் போன் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நான் நின்ற இடம் அப்படி. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

டிக்கியைத் திறந்தால் அடி வரைக்கும் சாமான். பால்குடச் செம்பு, தேங்காய், மயிலிறகு, அத்தை கட்டிவைத்த புளியோதரை எல்லாவற்றையும் புல்லில் எடுத்து வைத்த பிறகுதான் ஸ்டெப்னி தெரிந்தது. மகனுக்கு அப்போது பதினொரு வயது. கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தான். ஜாக்கி போடும் முன்பே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்பதே அவன் வாசித்துத்தான் எனக்குத் தெரியும். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதுதான் அது சுற்றாமல் நிற்கும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருந்ததால் கை பலத்துக்கு அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி மிதித்தேன். நான்கு கழன்றன. ஐந்தாவது நட்டின் தலை மட்டும் வேறு மாதிரி, பூவிதழ் போல வெட்டுகளோடு இருந்தது. சக்கரத் திருட்டுக்கான பூட்டு நட்டு. அதற்கென்று ஒரு சாவித் துண்டு உண்டு. ஸ்டெப்னிக் குழியில் இல்லை, டேஷ்போர்டு பெட்டியில் இல்லை, எங்கேயும் இல்லை. முன்பு டயர் மாற்றிய கடையில் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள். வாங்கிய மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தேடிப் பார்த்ததில்லை.

அப்போது ஒரு பக்கி (பின்னால் திறந்த தட்டு உள்ள வண்டி, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) வேகம் குறைத்து எங்களுக்கு முன்னால் நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த ஊரில் உதவி என்று வந்து கொள்ளையடித்த கதைகள் நிறைய. இறங்கியவர் நெருங்கி வரவில்லை. பத்தடி தள்ளி நின்று, அத்தையின் சேலையைப் பார்த்துவிட்டு, "வணக்கம், அம்மா" என்று கைகூப்பினார். டர்பன் நம்பர் பலகை, டேஷ்போர்டில் பிள்ளையார், மணிக்கட்டில் காப்புக் கயிறு. அவரும் மனைவியோடு காவடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

பூட்டு நட்டைப் பார்த்தார். தன் பெட்டியிலிருந்து அதைவிடக் கொஞ்சம் சின்ன சாக்கெட்டை எடுத்து நட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். இறுகக் கவ்வியதும் நீளமான கம்பியைப் போட்டுத் திருக, 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. நட்டு சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தார், அதிலும் காற்று பாதிதான். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரஸரால் அடித்தார். நட்டுகளை மட்டும் என்னையே போடச் சொன்னார். வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, முதலில் கையால், காரை இறக்கிய பிறகு முழு இறுக்கம். ஸ்டெப்னி ஒல்லியானது, 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அடுத்த ஊரான ஹாரிஸ்மித் வரை அதே வேகத்தில் எங்கள் பின்னாலேயே வந்தார். சனிக்கிழமை ஒரு மணிக்கு டயர் கடை மூடிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால்.

இதை இங்கே சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இங்குள்ள நம் ஊர்க்காரர்கள் கூடும் விருந்துகளில் "அவங்க பேருக்குத்தான் தமிழர், ஒரு வார்த்தை பேசத் தெரியாது" என்று டர்பன்காரர்களைப் பற்றிச் சொல்வதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். 1860-இல் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக வந்தவர்களின் வம்சம் அது. கவுண்டர் கோவெண்டராகி, முதலியார் மூட்லியாகி, வீட்டில் மொழி போன பிறகும் நான்கைந்து தலைமுறையாகக் காவடியை விடவில்லை. விசா வாங்கி விமானத்தில் வந்த நமக்கு அவர்களை அளக்க என்ன தகுதி இருக்கிறது? அன்று அந்தச் சாலையில் எத்தனையோ கார்கள் போயின. அதில் நம் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள். நின்றவர் அவர்தான்.

சரி, டயருக்கே வருகிறேன். காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். ஒரு டயர் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் ஆணியைத் தேடுங்கள். மலையிலிருந்து கடலுக்கு இறங்குபவர்களுக்கு இன்னொன்று: ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே 2.3 பார் (காற்றழுத்த அலகு) காட்டிய டயர், அதே வெப்பநிலையில் டர்பனில் ஏறக்குறைய 0.18 பார் குறைவாகக் காட்டும். கசிவு இல்லை. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுதல், கருவி காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. பாதி ஸ்டெப்னியோடு மலையிறங்கினால் கீழே அது இன்னும் மோசம்.

பெண்ணை நடுரோட்டில் டயர் மாற்றச் சொல்கிறாளே என்று யாராவது கோபப்படுவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இருட்டிய பிறகு, ஆளில்லாத இடத்தில், கொள்ளையடிப்பதற்காகச் சாலையில் கல் போட்டு வைத்திருக்கும் பகுதியில் பங்சர் ஆனால் நிற்கவே நிற்காதீர்கள். ரிம் போனாலும் பரவாயில்லை, வெளிச்சமுள்ள பங்க் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். சாலையோர உதவியையும் நிறுத்த வேண்டாம், நானும் வைத்திருக்கிறேன். வீட்டு வாசலில், பகலில், ஒரே ஒரு முறை உங்கள் கையால் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சாவித் துண்டு இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, நட்டு உங்கள் எடைக்கு அசைகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். சில புதுக் கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒட்டும் திரவமும் கம்ப்ரஸரும்தான் கொடுக்கிறார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நான் எல்லாப் பூட்டு நட்டுகளையும் எடுத்துவிட்டுச் சாதாரண நட்டுகள் போட்டுவிட்டேன். அந்த சாக்கெட், உள்ளே நட்டோடு, இன்னும் என் டிக்கியில் இருக்கிறது. அவசரத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு டர்பனின் உம்கேனி ரோடு கோவிலுக்குப் போகும்போதெல்லாம் நிறுத்தியிருக்கும் பக்கிகளின் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.