கன்னத்தைக் காட்டணுமா, கையை நீட்டணுமா?

கடிதம்:

அண்ணா வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. என் பையனுக்கு லியோன்ல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு, செப்டம்பர்ல கிளம்புறான். எங்க மாமனார் பழைய சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாயா இருந்தவர்), பிரான்ஸ்ல யாரைப் பார்த்தாலும் கன்னத்தோட கன்னம் வச்சு முத்தம் குடுக்கணும், இல்லன்னா மரியாதை இல்லாதவன்னு நினைப்பாங்கன்னு பையனைப் போட்டு பயமுறுத்துறார். பையனோ கொரோனாவோட அதெல்லாம் ஒழிஞ்சு போச்சு தாத்தாங்கறான். எது நிஜம்ணா? ஒரு நோய் வந்து ஒரு ஊரோட பழக்கத்தையே மாத்திடுமா?

– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்:

வணக்கம்மா. பையனுக்கு என் வாழ்த்து. உங்க மாமனார் சொல்றது அவர் காலத்துக்கு ஓரளவு சரி, பையன் சொல்றது பாதி சரி.

அந்த முத்தத்துக்கு இங்க பிரான்ஸ்ல 'பீஸ்'னு பேரு. நான் புதுச்சேரியில இருந்து வந்து வேலைக்கு சேர்ந்த புதுசுல காலையில ஆபீஸ் உள்ள நுழைஞ்சா மேஜை மேஜையா போய் ஆம்பளைங்களுக்கு கை குடுத்து பொம்பளைங்களுக்கு கன்னம் குடுத்து, பன்னெண்டு பேரையும் முடிச்சுட்டு உக்கார கால் மணி நேரம் ஆயிடும். பாரிஸ்ல ரெண்டு, தெற்குல மோன்பெலியே பக்கம் மூணு, சில ஊர்ல நாலு. 2020 பிப்ரவரி கடைசியில சுகாதார அமைச்சர் ஒலிவியே வேரான் கை குடுக்காதீங்க, பீஸ் வேண்டாம்னு சொன்னப்ப எங்க ஆபீஸ்ல யாருமே பெருசா எடுத்துக்கல. மார்ச் 16 ராத்திரி ஜனாதிபதி மக்ரோன் டிவியில வந்து நாம யுத்தத்துல இருக்கோம்னு திரும்பத் திரும்ப சொன்னார், மறுநாள் மத்தியானம் 12 மணிக்கு நாடே வீட்டுக்குள்ள போயிடுச்சு. மே 11 வரைக்கும், 55 நாள்.

வெளிய போகணும்னா பேரு, பிறந்த தேதி, பிறந்த ஊரு, எதுக்காக போறேன், எத்தனை மணிக்கு கிளம்பறேன்னு எழுதி கையெழுத்து போட்ட ஒரு காகிதம் கையில இருக்கணும், அதுக்கு 'அத்தெஸ்தாசியோன்'னு பேரு, இல்லன்னா 135 யூரோ ஃபைன். நடக்கறதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள. எங்க கட்டிடத்துல ரெண்டாவது மாடி மதாம்கிட்ட (இங்க பொம்பளைங்களை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க) பிரிண்டர் இல்ல, அப்ப அவங்களுக்கு 79 வயசு, கை நடுங்கும். நான் தினமும் ஒரு வெள்ளைத்தாள்ல முழு வாசகத்தையும் கையால எழுதி அவங்க கதவுக்கு அடியில தள்ளி விடுவேன், கையெழுத்து மட்டும் அவங்க போட்டுப்பாங்க. அதுக்கு முன்னாடி பதினொரு வருஷமா படிக்கட்டுல போன்ஜூர் (வணக்கம்), போன்சுவார் (மாலை வணக்கம்) தவிர வேற பேச்சே கிடையாது எங்களுக்குள்ள. அவங்க பிறந்த தேதியும் ஊரும் எனக்கு மனப்பாடம் ஆனதே அந்த காகிதத்தாலதான். ராத்திரி எட்டு மணிக்கு நர்ஸுங்க டாக்டருங்களுக்காக ஊரே ஜன்னல்ல நின்னு கை தட்டும்போது அவங்க மட்டும் ஒரு பாத்திரத்தை மரக்கரண்டியால தட்டுவாங்க, கீழ இருந்து அந்த சத்தம் வந்தா சரி, நல்லா இருக்காங்கன்னு எனக்கு ஒரு நிம்மதி.

இந்த காகித வேலை பிரான்ஸுக்கு புதுசும் இல்லம்மா. 1720ல தெற்கு பிரான்ஸ்ல இருக்கற மார்செய் துறைமுகத்துக்கு கிரான் சேந்த் அந்துவான்னு ஒரு கப்பல்ல பிளேக் வந்து இறங்கி ஊருல பாதி ஜனத்தை கொண்டு போனப்பவும், ஊர் விட்டு ஊர் போக ஆரோக்கியச் சீட்டு கேட்டாங்க. அடுத்த வருஷம் அதே தெற்குப் பக்கம் வோக்லூஸ் மலையில பிளேக் உள்ள வராம இருக்க கல்லாலயே சுவர் கட்டினாங்க, அதோட மிச்சத்தை இன்னைக்கும் போய் பார்க்கலாம்.

மதாமோட அக்கா வேற ஊர்ல முதியோர் இல்லத்துல இருந்தாங்க. 2020 மார்ச் 11ல இருந்தே நாடு முழுக்க அந்த மாதிரி இல்லங்கள்ல பார்வையாளர் யாரும் வரக்கூடாதுன்னு ஆயிடுச்சு. ஏப்ரல்ல அந்த அக்கா இறந்துட்டாங்க. அப்ப சாவுக்கு அதிகபட்சம் 20 பேர்தான் போகலாம், அங்க வந்தது ஆறே பேர். இங்க ஒரு சாவுன்னா வர்றவங்க ஒவ்வொருத்தரும் குடும்பத்துக்காரங்களை பீஸ் பண்ணித்தான் துக்கம் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல கட்டிப்பிடிச்சு அழற மாதிரின்னு வச்சுக்குங்க. ஆறு பேரும் ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி நின்னுட்டு யாரும் யாரையும் தொடாம கார் ஏறிட்டாங்களாம். மதாம் அதை என்கிட்ட சொன்னதும் மூடின கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துதான். எதை மறந்தாலும் இதை என்னால மறக்க முடியலம்மா, அன்னைக்கு கதவைத் தட்டி உள்ள போயிருக்கணுமோன்னு இப்பவும் தோணும்.

காபி கடைங்க கதை உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். முதல் லாக்டவுன் முடிஞ்சு ஜூன்ல திறந்து, மறுபடி 2020 அக்டோபர் 30ல மூடினவங்க 2021 மே 19 வரைக்கும் திறக்கல, அன்னைக்கும் வெளிய போட்ட மேஜைங்க மட்டும்தான். மழை தூறிட்டு இருந்துச்சு, குடையைப் பிடிச்சுக்கிட்டு ஜனங்க உக்காந்து காபி குடிச்சாங்க, நானும்தான். ஆனா 'கோந்துவார்'னு சொல்ற அந்த கவுன்டர்ல தோளோட தோள் நின்னு ஒரு எக்ஸ்பிரஸோ வாங்கி, பக்கத்துல யாரோ எவரோ, அவர்கிட்ட அரசாங்கத்தை திட்டிட்டு போற பழக்கம் எங்க ஏரியாவுல பழையபடி வரவே இல்ல. வீட்டுல இருந்தே வேலைன்னு ஆனப்புறம் காலையில அந்த வழியா நடக்கறவங்களே பாதியா குறைஞ்சுட்டாங்க. இன்னொண்ணு, வேலை செய்யற மேஜையில உக்காந்து சாப்பிடக்கூடாதுன்னு இங்க தொழிலாளர் சட்டத்துலயே இருக்கு, 2021 பிப்ரவரியில கேன்டீன்ல கூட்டம் சேரக்கூடாதுன்னு அரசாங்கமே அதைத் தற்காலிகமா தளர்த்துச்சு. மதியம் ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிடறதுங்கறது இவங்களுக்கு அவ்ளோ பெரிய விஷயம், என் ஆபீஸ்ல டப்பாவைத் திறந்து மேஜையிலயே சாப்பிடற ஆளுங்க அதுல இருந்துதான் வந்தாங்க, எனக்கு அது பிடிக்கல. பேக்கரியில சில்லறை வைக்க கண்ணாடித் தட்டு ஒண்ணு இருக்கும், இப்ப ஒரே ஒரு பாகெத் (நீள ரொட்டி) வாங்கினாலும் கார்டைத்தான் காட்டறாங்க, தட்டு சும்மா கிடக்கு.

பீஸ் விஷயத்துக்கு வரேன். குடும்பத்துல, ஃப்ரெண்ட்ஸுக்குள்ள அது திரும்பி வந்துடுச்சு. ஆபீஸ்ல பெரும்பாலும் வரல, எனக்கு அதுல சந்தோஷம்தான். கூட வேலை செஞ்ச ஒரு பெண், இருபது வருஷமா எனக்குப் பிடிக்காத ஆளுங்களுக்கெல்லாம் தினமும் கன்னத்தைக் குடுத்தேன், கொரோனா வந்தப்புறம்தான் நிம்மதியா உள்ள நுழையறேன்னு சொன்னாங்க. அத்தனை வருஷம் பக்கத்து மேஜையில இருந்தும் எனக்கு அது தெரியல. முன்னாடி கேக்காமலே நடந்தது, இப்ப பல பேர் கேட்டுட்டுத்தான் செய்யறாங்க. 2021ல ரெண்டாவது ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு படிக்கட்டுல மதாமைப் பார்த்தேன். மாஸ்க்கை கீழ இறக்கிட்டு, "ஒன் ஸ ஃபே லா பீஸ்?"னு கேட்டாங்க, பண்ணிக்கலாமான்னு அர்த்தம். பதினொரு வருஷத்துல ஒரு தடவை கூட நாங்க பண்ணிக்கிட்டது இல்ல. கன்னம் ரெண்டும் சில்லுனு இருந்துச்சு, பவுடர் வாசனை அடிச்சுது.

பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. கடைக்குள்ள போனாலும் லிஃப்ட்ல ஏறினாலும் முதல்ல போன்ஜூர், அது இல்லாமதான் மரியாதை கெடும். புரொஃபசருங்களுக்கு அதுவே போதும். கூடப் படிக்கறவங்கள்ல யாராவது முகத்தைக் கிட்ட கொண்டு வந்தா பீஸ், கையை நீட்டினா கை, வேண்டாம்னா சிரிச்சுட்டு நின்னா போதும், இப்ப யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. லியோன்ல பொதுவா ரெண்டுதான். எந்தக் கன்னம் முதல்லங்கறது ஊருக்கு ஊர் மாறும், எதிர்ல நிக்கறவங்க எந்தப் பக்கம் சாயறாங்கன்னு பார்த்துட்டு அப்புறமா சாயச் சொல்லுங்க.