பையனுக்கு ஸ்ட்ரெப் தொண்டை (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று) என்கிறார் டாக்டர். காய்ச்சல் விட்ட பிறகும் 10 நாள் மருந்து தேவையா? திரும்ப வராமல் தடுக்க முடியுமா?

கட்டாயம் தேவைங்க. மூன்றாம் நாளே பையன் எழுந்து ஓடியாடினாலும் 10 நாளும் கொடுத்து முடியுங்கள்.

கோபி பக்கம் இருக்கும் என் பெரியம்மா மகளுக்குச் சின்ன வயதில் தொண்டை வலி வந்தால், மெடிக்கலில் இரண்டு வேளை மாத்திரை வாங்கிப் போடுவதோடு சரி. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மூட்டு மூட்டாக வீங்கி, ருமாட்டிக் காய்ச்சல் என்று தெரிவதற்குள் இதய வால்வு பாதித்துவிட்டது. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்றே வருடங்கள் ஓடின. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்ட்ரெப் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளுக்குச் சொந்த மூட்டையும் இதயத்தையுமே தாக்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்து முழுசாகக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம்.

அதற்காக ஒவ்வொரு தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சளி, இருமல், குரல் கம்மல் இருந்தால் அநேகமாக அதுதான். ஸ்ட்ரெப் என்றால் திடீரென்று காய்ச்சல் அடிக்கும், எச்சில் விழுங்கவே வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும், டான்சிலில் வெள்ளைத் திட்டு தெரியும். சில பிள்ளைகள் வயிற்று வலி, வாந்தி என்பார்கள். 5 முதல் 15 வயதுக்குள்தான் அதிகம் வரும். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதித்தால் உறுதியாகத் தெரியும்.

ஐஸ் தின்றதால் வந்தது, பாலக்காட்டுக் காற்று பட்டு வந்தது என்று அமுச்சிமார்கள் (பாட்டிமார்கள்) சொல்வார்கள். ஆனால் இது இருமல், தும்மல், எச்சில் வழியாக ஒட்டுகிற கிருமி. தடுப்பூசி கிடையாது. அதனால் பையனுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதாகக் கழிந்து, காய்ச்சலும் விட்ட பிறகு பள்ளிக்கு அனுப்பலாம். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கும் தொண்டை வலித்தால், இவன் மருந்தையே பங்கு போடாமல் அவர்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் பால் கொடுங்கள், இதமாக இருக்கும். ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது.

குணமான சில வாரங்களில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனாலோ, மூட்டு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முன்பு தொண்டை வலி வந்ததையும் சொல்லுங்கள்.