அவருடைய புதுத் துணையின் சம்பளம் பிள்ளைகளின் காசில் சேருமா?

கேள்வி: லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு (9 வயது, 6 வயது) தனியாக இருக்கிறேன். பகுதிநேர வேலை, கூடவே யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணம்). பிரிந்துபோன கணவருக்கு வெயார்ஹவுஸில் வாரம் 420 பவுண் சம்பளம். இப்போது அவர் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். அந்தப் பெண்ணுக்கு நல்ல உத்தியோகம், 4 வயதில் ஒரு பிள்ளையும் உண்டு. "நான் காசு தந்தால் உன்ரை யூனிவர்சல் கிரெடிட்டை வெட்டிப்போடுவாங்கள்" என்கிறார் கணவர். ஃபோர்ம் நிரப்பித் தரும் ஒருவரோ, அந்த வீட்டு வருமானம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் போட வைக்கிறேன் என்று 250 பவுண் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் செய்து தருவதாகச் சொல்லும் காரியம் யாராலும் முடியாதது. பிள்ளைகளின் தாபரிப்புப் பணத்தைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் (இனி சி.எம்.எஸ்.), பணம் கட்ட வேண்டியவரின் வருமானத்தை மட்டுமே எடுக்கிறது. அவரோடு வாழ்பவர் எவ்வளவு உழைத்தாலும் அது கணக்கில் ஏறாது. உங்கள் சம்பளமும் அப்படித்தான்: நீங்கள் கூட உழைத்தாலும் அவர் கட்ட வேண்டிய தொகை குறையாது.

கணவர் சொல்வதும் பிழை. பிள்ளைகளுக்கு வரும் தாபரிப்புப் பணத்தை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாக எடுப்பதே இல்லை. அதற்கு வரியும் கிடையாது. ஆனால் மனைவிக்கு என்று தரப்படும் ஜீவனாம்சம் வேறு விஷயம். அதை ஒரு பவுணுக்கு ஒரு பவுண் கழிப்பார்கள். ஆகவே வங்கியில் போடும்போது ரெஃபரன்ஸில் "சைல்ட் மெயின்டனன்ஸ்" என்று எழுதச் சொல்லுங்கள். "வீட்டுச் செலவுக்கு", "உனக்கு" என்று எழுதிய வரி பின்னாளில் தேவையில்லாத கேள்விகளைக் கொண்டுவரும். கையில் காசாக வாங்கவே வேண்டாம். வந்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து, உங்கள் மொத்தச் சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் அது யூனிவர்சல் கிரெடிட்டைத் தொடும். அதுவரை பயமில்லை.

இனி உங்கள் கணக்கு. வரித் திணைக்களத்திடம் உள்ள கடைசி வரி ஆண்டின் மொத்த வருமானத்திலிருந்து, அதாவது வரி கழிக்கும் முன், பென்ஷனுக்குக் கட்டியது கழித்த தொகையிலிருந்து தொடங்குவார்கள். அது 420 என்றே வைப்போம். அவருடைய வீட்டில் உள்ள 4 வயதுப் பிள்ளைக்கு அந்த வீட்டில் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கென அரசு தரும் கொடுப்பனவு) எடுத்தால், பிள்ளை அவருடையது இல்லையென்றாலும் 11 சதவீதம் கழியும். மிஞ்சுவது 373.80. இரண்டு பிள்ளைகளுக்கு அதில் 16 சதவீதம்: வாரம் 59.81 பவுண்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிள்ளைகள் வருடத்தில் 52 இரவு தகப்பன் வீட்டில் தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும், தொகை ஏறக்குறைய 51.26 ஆகிவிடும். 51 இரவென்றால் ஒன்றும் குறையாது. ஓர் இரவு வித்தியாசத்தில் வருடத்துக்கு 444 பவுண் போகிறது. ஒன்றுவிட்ட ஒரு வாரம் வெள்ளியும் சனியும் என்பது சரியாக 52 இரவு. அதில் ஒரு வார இறுதி அவருக்கு ஷிஃப்ட் விழுந்து பிள்ளைகள் போகவில்லையென்றால் 50. தொலைபேசியில் "ஓம், இடைக்கிடை தங்குவினம்" என்று சொல்லிவிடாதீர்கள். தங்குவதை இருவரும் ஒத்துக்கொண்டு, எத்தனை இரவு என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போனால், வாரத்துக்கு ஓர் இரவு என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதுவும் 52. சமையலறைக் கலண்டரில் தங்கிய இரவுகளை மட்டும் வட்டம் போட்டு, மாதக் கடைசியில் படம் எடுத்து வையுங்கள். பகலில் கூட்டிப்போய் இரவு கொண்டுவந்து விட்டால் அது இரவு அல்ல.

வீட்டு வருமானம் கணக்கில் இல்லை என்றேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்கு எதிரான பக்கம் மட்டுமே திறக்கிறது. கணவர் வேலையை விட்டு யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறார், அதில் அவருக்கு உழைப்பு வருமானம் எதுவும் இல்லை என்றால், எத்தனை பிள்ளைகள் என்றாலும் மொத்தமாக வாரம் 7 பவுண்தான். துணையோடு சேர்ந்து எடுக்கும் கொடுப்பனவாக இருந்தாலும் இதே கதை. அந்த நிலையில் பிள்ளைகள் 52 இரவு தங்கினால் 7 பவுணும் இல்லை, பூச்சியம். இன்னும் ஒரு படி பாருங்கள். அவர் வேலையை விடுகிறார், ஆனால் துணையின் சம்பளம் கூட என்பதால் அந்த வீட்டுக்கு யூனிவர்சல் கிரெடிட் கிடைக்கவில்லை. அவருக்கென்று வேறு வருமானமும் இல்லை. வார வருமானம் 7 பவுணுக்குக் கீழே என்றால் கட்ட வேண்டியது பூச்சியம். வீட்டுக்குள் நல்ல சம்பளம் வருகிறது, பிள்ளைகளுக்கு ஒரு பெனியும் இல்லை. துணையின் பிள்ளை உங்கள் பிள்ளைகளின் பங்கைக் குறைக்கலாம், துணையின் சம்பளம் மட்டும் அதைக் கூட்டாது. இது நியாயமில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். இதை மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குபவர் உங்கள் ஆதங்கத்தை விற்கிறார்.

கணவர் யூனிவர்சல் கிரெடிட்டோடு வேலையும் செய்தால் அந்த 7 பவுண் சலுகை இல்லை. சம்பளத்தை வைத்தே கணக்கு: வாரம் 150 உழைப்பவர், வீட்டில் வேறு பிள்ளை இல்லையென்றால், ஒரு பிள்ளைக்கு 15.50 கட்ட வேண்டும்.

அந்த ஃபோர்ம்காரர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நட்டம் 250 பவுணோடு நிற்காது. விண்ணப்பக் கட்டணமான 20 பவுண் 2024 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இன்று "அப்ளிகேஷன் ஃபீஸ்" என்று எவர் கேட்டாலும் அது அவருடைய பைக்குத்தான். இரண்டாவது, ஃபோர்மை அவர் மேசையில் மூன்று வாரம் போட்டு வைத்தால் அந்த மூன்று வாரக் காசு போனதுதான். சி.எம்.எஸ். உங்கள் கணவருக்கு அறிவிக்கும் நாளிலிருந்துதான் கடன் தொடங்கும், அதற்கு முந்திய மாதங்களுக்கு அவர்கள் கணக்குப் போட மாட்டார்கள். மூன்றாவது, உங்கள் லொகின், பாஸ்வேர்ட், வங்கி விபரம் மூன்றும் ஒருவர் கையில் இருந்தால், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும் என்பதும் அவர் கையில்தான். இன்னும் சிலர் "இத்தனை வீதம் எனக்கு" என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசில் கொமிஷன் கேட்பவருக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

நீங்களே செய்யலாம். இணையத்திலோ தொலைபேசியிலோ விண்ணப்பிக்கலாம். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. கணவரின் முழுப் பெயர், பிறந்த திகதி, தெரிந்தால் நஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம், வேலைத்தலத்தின் பெயர், உங்கள் வங்கி விபரம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், தனிப் பெற்றோருக்கான ஜிஞ்சர்பிரெட் இரண்டும் இலவசம்.

அவர் நேராக உங்கள் வங்கிக்குக் கட்டினால் கட்டணம் இல்லை. சி.எம்.எஸ். வாங்கித் தருவதென்றால் அவரிடம் 20 சதவீதம் மேலதிகமாக எடுத்து, உங்களிடம் 4 சதவீதம் கழிப்பார்கள்: 51.26-க்கு அவர் 61.51 கட்ட, உங்கள் கைக்கு 49.21 வரும். ஒழுங்காகக் கட்டாதவரிடமிருந்து காசு பெறும் தாயிடமும் கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் ஏமாற்றிக்கொண்டே இருப்பவரோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த 2.05 பவுண் மேல். ஒரு தவணை தவறினாலே அறிவியுங்கள்.

ஓவர்டைம் கூடியது என்று கேள்விப்பட்டால் அவசரப்படாதீர்கள். 420 என்ற கணக்கை இடையில் மாற்ற, வருமானம் 25 சதவீதமாவது ஏற வேண்டும், அதாவது 525. அவர் 520 உழைத்தாலும் அடுத்த வருடாந்த மீளாய்வுவரை பழைய தொகைதான். அந்த நேரத்தில் வரித் திணைக்களத்தின் புதிய தொகை வந்திருக்கும்.

முடிவுக் கடிதம் வந்ததும் இரவுகளின் எண்ணிக்கையையும் வருமானத் தொகையையும் முதலில் பாருங்கள். பிழையென்றால் 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த உறையையும் திகதியோடு வைத்திருங்கள்.